முப்பத்து நான்காம் எண் வீட்டின் குறிப்பேடு

அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே நான் இந்த வேலைக்கு வந்திருப்பேன். முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அல்மாட்டி நகரத்தில் எந்த வீட்டில் எந்த நேரம் எந்த சேனல் ஓடுகிறது என்று கணக்கெடுக்கும் அலுவலகம் அது. முகவரிப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள். நான் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்து வருவேன். காலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை கால் மணிக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன பார்த்தார்கள், யார் யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வருவேன்.

முப்பத்து நான்காம் எண் வீடு நான்காம் மாடியில் இருந்தது. மார்ச் மாதம். படிக்கட்டு முழுக்க யார் பூட்ஸிலிருந்தோ உதிர்ந்த சேறு. மணியை அடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது.

“எங்க வீட்ல டிவி இல்லைங்க.”

இந்த வாக்கியத்தை வாரத்துக்கு நான்கு முறையாவது கேட்பேன். பெரும்பாலும் பின்னால் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அன்று என்னை நிறுத்தியது அந்தக் குரல். நன்றாகத் தெரிந்த குரல். எனக்கு மிக வேண்டியவள் ஒருத்தி கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. யார் என்றுதான் பிடிபடவில்லை.

“ஒரே ஒரு நிமிஷம். இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிடறேன். கண்ணால பார்த்துட்டு எழுதணும், அதான்” என்றேன். அப்படியொரு விதியே கிடையாது.

கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும். ஒல்லியான பெண். முகத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெயர் அக்மரால் என்றாள். உள்ளே கூப்பிட்டாள். உள்ளே போனதும் நான் முதலில் பார்ப்பது சோபாவைத்தான். எந்த வீட்டிலும் சோபா டிவியைப் பார்த்துத்தான் கிடக்கும். டிவியை ஒளித்து வைப்பவர்கள்கூட சோபாவைத் திருப்பிப் போட மறந்துவிடுவார்கள். இந்த வீட்டில் சோபாவும் இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. நடுவே ஒரு மேஜை. மேஜையில் பாதி தின்ற பவுர்சாக் பணியாரம், ஒரு கட்டு காகிதம், பென்சில்.

நிஜமாகவே இல்லை.

“அப்போ சாயங்காலம் என்னதான் பண்ணுவீங்க?” வாயிலிருந்து வந்துவிட்டது. படிவத்தில் இல்லாத கேள்வி.

அக்மரால் கொஞ்சம் யோசித்தாள். “இருப்போம்” என்றாள்.

“சும்மாவா?”

“அவரு ரொட்டி பேக்கரியில வேலை. விடியக்காலைல போகணும், அதனால ஏழரைக்கே படுத்துடுவாரு. நான் படிச்சுக்கிட்டு இருப்பேன். பொண்ணு சமையல்கட்டுல வீட்டுப்பாடம் எழுதுவா. இதுல என்னங்க அதிசயம்?”

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒன்பது வயது. கதவோரம் நின்று என் கையிலிருந்த குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது எனக்குக் கிடைக்குமா?”

“உன் பேரென்ன?”

“தொக்ஜான். நான் அழகா எழுதுவேன். ஒரு கட்டம் கூட விட மாட்டேன்.”

குழந்தைகளுக்குக் கட்டம் போட்ட தாள் என்றால் ஆசை. என் பையில் உபரியாக ஒன்று இருந்தது. கொடுத்தேன். அவள் அதைச் சட்டென்று ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டதைக் கவனித்தேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் எட்டு மணிக்கு என் அக்கா ஷிரினும் நானும் வழக்கம்போல் கொரியத் தொடருக்கு உட்கார்ந்தோம். நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே. எல்லா ஆண்களுக்கும் ஒரே ஆண், எல்லாப் பெண்களுக்கும் ஒரே பெண் கசாக் மொழியில் குரல் கொடுப்பார்கள். கதாநாயகி சலவைக்காரி. சிறு வயதிலேயே மகளைத் தொலைத்தவள். அன்று ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அவள் பேச ஆரம்பித்தாள். என் தேநீர்க் கிண்ணம் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

“அக்கா! இந்த அம்மாவை நேத்து பார்த்தேன்!”

“யாரை? கொரியாக்காரியையா?”

“இல்லக்கா, குரலை. முப்பத்து நாலாம் நம்பர் வீடு. பால் பொங்குதுன்னு ஓடினாளே!”

“உனக்கு வேலை முத்திப்போச்சு. பேசாம பாரு” என்றாள் ஷிரின்.

ஆனால் எனக்கு அதற்கப்புறம் தொடர் ஓடவில்லை. நகரத்தில் பாதி வீட்டில் தினமும் இந்தப் பெண் பேசுகிறாள். சலவைக்காரியாக அழுகிறாள், கெட்டவளாக மிரட்டுகிறாள், கிழவியாகப் புலம்புகிறாள், தொலைந்துபோன மகள் யூனாவாகச் சிணுங்குகிறாள். அவள் வீட்டில் மட்டும் டிவி இல்லை. ஏன்? மதமா? அப்படித் தெரியவில்லை. வசதியில்லையா? குளிர்பெட்டி என்னுடையதைவிடப் பெரிது. தன் வேலையைப் பார்க்கத் தனக்கே வெட்கமா? ஒரு வாரம் இதே நினைப்பு. தொக்ஜானிடம் கொடுத்த குறிப்பேட்டைத் திரும்ப வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் போனேன்.

கதவைத் திறந்தவர் கணவர் இலியாஸ். புருவத்தில் மாவு.

“ஓ, டிவிக்காரம்மாவா? இன்னிக்கும் இல்லீங்க. நேத்து ராத்திரி முளைக்கும்னு பார்த்தோம், முளைக்கல” என்று சிரித்தார். அக்மரால் வேலைக்குப் போயிருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தொக்ஜான் கையை நீட்டி, நான்காக மடித்த செய்தித்தாளுக்குள் எதையோ வைத்துக் கொடுத்தாள். கண்ணாலேயே ‘போங்க’ என்றாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று பிரித்தேன். குறிப்பேடு. மணிமணியான எழுத்து. காலை ஆறிலிருந்து எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று வரிசையாக எழுதியிருந்தாள். இரவு எட்டு மணிக் கட்டத்தில் மட்டும் வேறு.

‘திங்கள். 8.00 முதல் 8.45 வரை. கொரியத் தொடர். பார்த்தவர்: தொக்ஜான். கண்ணால் இல்லை, காதால்.’

‘செவ்வாய். தாத்தா இருமினார். கெட்டவள் சொன்ன ஒரு வார்த்தை போய்விட்டது.’

‘புதன். சித்தப்பா வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். கேட்க முடியவில்லை.’

‘வெள்ளி. அம்மா நான்கு பேராகப் பேசினாள். தாத்தா அழுதார்.’

படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். தொக்ஜான்தான். மேல்கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தாள். குப்பை கொட்டுவதாகச் சொல்லிவிட்டு வாளியோடு வந்திருக்கிறாள்.

“சரியா எழுதியிருக்கேனா?”

“எந்தத் தாத்தா? எப்படிக் கேட்டே?”

“பக்கத்து வீட்டு பஜார்பாய் தாத்தா. அவருக்குக் காது சரியா கேக்காது, டிவிய ரொம்ப சத்தமா வெப்பாரு. சமையல்கட்டுல வெந்நீர்க் குழாய் சுவர்ல நுழையுதுல்ல, அந்த ஓட்டை வழியா வரும். குளிர்பெட்டிக்குப் பின்னாடி நுழைஞ்சு உட்காந்தாத்தான் கேக்கும். நான் மட்டுந்தான் நுழைய முடியும்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

தலையைப் பலமாக ஆட்டினாள், இல்லை என்று. அப்புறம் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் என் ஜாதிதான், கேள்வி கேட்கும் ஜாதி.

“நீங்க கண்ணால பார்க்கறீங்கல்ல? அந்தக் கெட்டவ அழகா இருப்பாளா?”

“ரொம்ப அழகு. அதான் எரிச்சலே.”

“எங்கம்மா மாதிரி இருப்பாளா?”

“இல்ல. யாருமே அம்மா மாதிரி இல்ல.”

“அழறவகூடவா?”

“அவகூட இல்ல. வட்ட முகம். முடிய உச்சியில கொண்டை போட்டிருப்பா.”

கண்ணை மூடி அந்தக் கொண்டையைப் போட்டுப் பார்த்தாள். “புதன்கிழமை யூனா கிடைச்சாளா? அன்னிக்குத்தான் கேக்கல.”

“கிடைச்ச மாதிரி வந்து, வேற பொண்ணுன்னு ஆயிடுச்சு.”

“அய்யோ” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏண்டா, பஜார்பாய் தாத்தா வீட்டுக்கே போய்ப் பார்க்கலாமே?”

“அம்மாவுக்குப் புடிக்காது. டிவின்னு பேச்சு வந்தாலே எழுந்து போயிடுவா. நான் பார்த்தா வருத்தப்படுவா. காதால கேட்டா பார்த்த மாதிரி ஆகாதுல்ல?”

நான் வாய் திறப்பதற்குள் மேலேயிருந்து இலியாஸ் கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். குப்பை அப்படியே இருந்தது.

அந்தக் குறிப்பேட்டை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். நினைத்தேனே தவிர, பையிலிருந்து எடுக்கவில்லை. திங்கட்கிழமை எங்கள் மேற்பார்வையாளர் அல்டினாய் என் பையைக் கவிழ்த்து மொத்தக் குறிப்பேடுகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். பத்தில் ஒரு வீட்டுக்கு ஃபோன் செய்து சரிபார்ப்பது வழக்கம். அந்த வாரம் முப்பத்து நான்காம் எண்ணும் அதில் அகப்பட்டது.

“சவ்ரே! இங்க வா” என்று அல்டினாய் என்னைப் பார்த்துக் கத்தினாள். “இது என்ன கூத்து? அந்த வீட்ல டிவியே இல்லையாம். இங்க ‘காதால்’னு எழுதியிருக்கு. காதுக்குப் படிவத்துல ஏது கட்டம்?”

“யாருகிட்ட பேசினீங்க?”

“வீட்டு அம்மாகிட்டதான். எட்டு மணித் தொடர் கேட்டதா எழுதியிருக்கீங்களேன்னேன். அப்புறம் உன் பேரைக் கேட்டாங்க.”

அன்று சாயங்காலம் நானாகவே போனேன். ஏழரை மணிக்குமேல் இருக்கும். அக்மரால் கதவைத் திறந்தாள். திட்டவில்லை. “உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னாள். ஆனால் அதைக் கெட்டவளின் குரலில் சொன்னாள். வேண்டுமென்று செய்தாளா, கோபம் வந்தால் அந்தக் குரல்தான் வருமா தெரியாது.

“எம் பொண்ணுக்கு எதுக்குங்க அந்த நோட்டு கொடுத்தீங்க?”

“விளையாட்டுக்குக் கேக்கறான்னு நினைச்சேன். சத்தியமா எனக்கும் தெரியாது. இந்தாங்க.” குறிப்பேட்டை அல்டினாயின் மேஜையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அறைக் கதவருகே தொக்ஜான் நின்றுகொண்டிருந்தாள், அழத் தயாராக. இலியாஸ் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இவளுக்கு அப்போ மூணு வயசு” என்றாள் அக்மரால். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் மகளுக்குச் சொல்வதுபோல் இருந்தது. “வேலை முடிஞ்சு வரேன். பூட்ஸ கழட்டறேன். உள்ள டிவி ஓடுது. போன மாசம் நான் குரல் கொடுத்த தொடர். ‘கண்ணு, எங்கடா இருக்கே, அம்மாகிட்ட வந்துடு’ன்னு நான் அதுல அழறேன். இவ டிவிய ரெண்டு கையாலயும் அடிக்கறா. ‘இங்கதாம்மா இருக்கேன், இங்கதான் இருக்கேன்’னு கத்தறா. நான் பின்னாடி நின்னு கூப்பிடறேன். திரும்பல. தொட்டுத் தூக்கினேன். என்னைத் தள்ளிவிட்டுட்டு மறுபடியும் அதுகிட்டயே ஓடறா.”

“மறுநாள் டிவிய நான்தான் தம்பி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்” என்றார் இலியாஸ்.

“எனக்கு ஞாபகமே இல்ல” என்றாள் தொக்ஜான்.

“உனக்கு இருக்காது. எனக்கு இருக்கு.”

தொக்ஜான்தான் மெதுவாக ஆரம்பித்தாள். “அம்மா, மணி எட்டாகப் போகுது.”

அக்மரால் மகளைப் பார்த்தாள். எழுந்தாள். “எங்க உட்காருவே? காட்டு.”

குளிர்பெட்டியை இலியாஸும் நானும் சேர்ந்து ஒரு முழம் இழுத்தோம். பின்னால் ஒரு சின்ன மெத்தை, இரண்டு மிட்டாய்த் தாள், பென்சில் துண்டு. குழாய் சுவரில் நுழையும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அக்மரால் மண்டியிட்டு அங்கே காதை வைத்தாள். பக்கத்தில் தொக்ஜான். நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்மராலின் முகம் மட்டும்தான் தெரிந்தது. முதலில் சுளித்தாள். அப்புறம் அந்தக் குரலோடு சேர்ந்து உதடு அசைய ஆரம்பித்தது.

“அட, இந்த வரிய நான் தப்பா சொல்லியிருக்கேன்” என்றாள் திடீரென்று. “கிழவி பேசறப்ப சலவைக்காரி குரல் வந்திருச்சு.”

“நேத்தும் வந்துச்சு” என்றாள் தொக்ஜான். “நான் அதைத் தனியா எழுதி வெச்சிருக்கேன்.”

“எதை?”

“நீ மாத்திச் சொன்னதையெல்லாம். மொத்தம் பதினொண்ணு.”

அக்மரால் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பஜார்பாய் தாத்தா பெரிதாக மூக்கைச் சிந்தியது எனக்கே கேட்டது.

அந்தச் சனிக்கிழமை மகளைத் தன் வேலையிடத்துக்கு அழைத்துப் போனாள். “ஆரம்பிச்சு வெச்சது நீங்க, நீங்களும் வாங்க” என்று என்னையும் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

சுவரெல்லாம் கம்பளம் தொங்கவிட்ட சின்ன ஒலிப்பதிவு அறை. தரை கிறீச்சிடும் என்பதற்காக அக்மரால் காலுறையோடு நின்றாள். பக்கத்தில் கானாத் என்ற குண்டு மனிதர். அத்தனை ஆண்களும் அவர்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். திரையில் வட்ட முகமும் உச்சிக்கொண்டையுமாகச் சலவைக்காரி வந்தபோது தொக்ஜான் முன்னால் சாய்ந்தாள். ஒரு நிமிடம்தான் பார்த்தாள். அதற்கப்புறம் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். ஒரு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அக்மரால் அழுதாள். நெஞ்சைப் பிசையும் அழுகை. அடுத்த வரியில் கெட்டவளாகச் சிரித்தாள். நடுவில் ஒரு கையால் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இடைவேளையில் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

“யார நெனச்சும்மா அழுதே?” என்று கேட்டாள் தொக்ஜான்.

அக்மரால் குவளையைக் கீழே வைத்தாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். முகத்தில் தெரிந்தது. “மொதல் வருஷம் உன்ன நெனச்சுதான் அழுவேன். இப்போ எதையும் நெனக்கிறதில்லடா. மூச்சு எங்க விடணும், எங்க இழுக்கணும், அதுதான் மனசுல ஓடும்.”

“அப்போ நிஜமா வருத்தமே இல்லையா?”

“அந்த நேரத்துல இல்ல.”

தொக்ஜான் அதை நன்றாக யோசித்துப் பார்த்தாள். நிம்மதியா ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். “அவ வாயும் உன் வாயும் ஒண்ணா அசையவே இல்ல. எனக்கு அவளப் புடிக்கல” என்றாள் கடைசியில்.

திரும்பும் வழியில் டிராலிபஸ்ஸில் அக்மரால் கேட்டாள், டிவி வாங்கலாமா என்று. அவள் அதைச் சாதாரணமாகக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். தொக்ஜான் வேண்டாம் என்றாள்.

“கண்ணால பார்க்கணும்னா தாத்தா வீட்டுக்குப் போறேன். அவரு தனியா உட்காந்து அழறாரு பாவம். ஆனா நீ வருத்தப்படக் கூடாது.”

“படமாட்டேன்” என்றாள் அக்மரால். “கொஞ்சம் படுவேன். பரவால்ல.”

படிவத்தில் என்ன எழுதுவது என்று எனக்கும் அல்டினாய்க்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். எனக்கு அங்கே போகக் காரணம் எதுவும் மிச்சமில்லை. காரணமில்லாமலே போக ஆரம்பித்தேன். கோடையில் ஒருநாள் போனபோது கொரியத் தொடர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இம்முறை வந்திருக்கும் தொடர் துருக்கியிலிருந்து. முதல் காட்சியிலேயே கொலை. இன்னும் ஒளிபரப்பு தொடங்கவில்லை. மேஜையில் காகிதக் கட்டைப் பரப்பிக்கொண்டு அக்மரால் பெண்களின் வசனத்தைப் படிக்க, தொக்ஜான் தொண்டையைக் கனத்துக்கொண்டு போலீஸ் அதிகாரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்து” என்றாள் போலீஸ் அதிகாரி. “விதவைக்கு இந்தக் குரல் வேணாம்மா. இது கெட்டவ குரல். இப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“என்ன தெரிஞ்சுடும்?” சோபாவில் கால் நீட்டிக் கிடந்த இலியாஸ் எழுந்து உட்கார்ந்தார். மணி எட்டரை. ஏழரைக்குத் தூங்க வேண்டியவர். “அவதான் கொன்னாளா?”

அம்மாவும் மகளும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்கள்.

“சொல்ல மாட்டோம்” என்றாள் தொக்ஜான். “டிவில வரும்போது பாத்துக்கங்க.”

“எந்த டிவில, எங்கம்மா தாயே?”

“தாத்தா வீட்ல. செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்குது. ரொட்டி எடுத்துக்கிட்டுப் போங்க, அவருக்குப் பல்லு இல்ல, மெத்துனு இருக்கறதா எடுத்துக்கங்க.”

இலியாஸ் என்னைப் பார்த்தார், நான் சிபாரிசு செய்வேன் என்று. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். கிளம்பும்போது படிக்கட்டு வரை வழியனுப்ப வந்த தொக்ஜானிடம் குனிந்து, காதோடு காதாகக் கேட்டேன்.

“என்கிட்ட மட்டும் சொல்லேன். விதவையா?”

“அக்கா” என்றாள் அவள், கண்டிப்பாக, கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. “நாப்பது பாகம் இருக்கு. பொறுங்க.”